ஃப்ளாரன்ஸில் மூன்று நாள்: ஏஜென்ட்டின் ‘எல்லாம் அடங்கிய’ டிக்கெட்டை வாங்கலாமா?

கேள்வி: அக்டோபரில் ஒரு ஞாயிறு காலை ஃப்ளாரன்ஸ் போய்ச் சேர்ந்து செவ்வாய் மாலை கிளம்புகிறோம். அப்பாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. மகனுக்கு 15. உஃபிஸி ஓவியக்கூடம், டேவிட் சிலை, பேராலயக் குவிமாடம் மூன்றும் சேர்த்து ‘கியூவில் நிற்காத’ பேக்கேஜ் ஒன்றை ஏஜென்ட் தருகிறார், நான்கு பேருக்கும் ஒரே விலை. வாங்கிவிடலாமா?

பதில்: வாங்காதீர்கள். நான்கு பேருக்கும் ஒரே விலை என்று சொல்லும்போதே உங்கள் தலையில் மிளகாய் அரைக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

முதலில் உங்கள் மகன் விஷயம். உஃபிஸியும், டேவிட் இருக்கும் அக்காடெமியாவும் இத்தாலிய அரசின் அருங்காட்சியகங்கள். அங்கே 18 வயது நிரம்பாத யாருக்கும், எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும், நுழைவு இலவசம். ஐரோப்பியப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று சில ஏஜென்ட்டுகள் சொல்வார்கள், அது பொய். 18 முதல் 25 வரை உள்ளவர்களுக்கான சலுகைதான் ஐரோப்பிய ஒன்றியத்தவருக்கு உரியது, அதை இதோடு போட்டுக் குழப்புகிறார்கள். ஆனால் இலவசம் என்பதற்காக மகனுக்குப் பதிவு செய்யாமல் விட்டுவிடாதீர்கள். உங்கள் டிக்கெட்டோடு அதே நேரத்துக்கு அவனுக்கும் இலவச டிக்கெட்டைச் சேர்த்து எடுக்க வேண்டும், முன்பதிவுக் கட்டணமாகச் சில யூரோ மட்டும் ஆகும். பேராலய வளாகத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. அது அரசுடையது அல்ல, 1296இல் பேராலயத்தைக் கட்டத் தொடங்கிய காலத்திலிருந்தே அதற்கென உள்ள தனி அமைப்பு நடத்துவது. அங்கே குறைந்த கட்டணம் 7 முதல் 14 வயது வரைதான், எனவே உங்கள் 15 வயதுப் பையன் முழுக் கட்டணம் கட்ட வேண்டும். ஒரே ஊரில், பத்து நிமிட நடை தூரத்தில், இரண்டு விதமான வயதுக் கணக்கு, இரண்டு இணையதளம், இரண்டு விதமான விதிகள்! இதை ஒழுங்குபடுத்த இத்தனை வருடமாக ஒருவருக்கும் மனம் வரவில்லை, இந்தக் குழப்பத்தில்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள்.

அடுத்தது அப்பா. குவிமாடத்துக்கு 463 படிகள், லிஃப்ட் கிடையாது. புரூனெலெஸ்கி என்ற கட்டடக் கலைஞர் அதை 1420இல் தொடங்கி 1436இல் முடித்தார், கீழிருந்து மரச்சாரம் கொடுத்துத் தாங்காமலேயே எழுப்பியது. உள்ளுக்குள் ஒன்று வெளியே ஒன்று என்று முட்டை ஓடு போல இரண்டு கூடுகள், அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள குறுகிய சந்தில்தான் நாம் ஏறுகிறோம். மேலே போகும்போது செங்கற்கள் மீன்முள் போலச் சாய்த்து அடுக்கப்பட்டிருப்பதைப் பாருங்கள், ஈரச்சாந்து இறுகும்வரை கல் சரியாமல் பிடித்துக்கொண்டது அந்த அடுக்குதான். நீங்களும் மகனும் கட்டாயம் ஏறுங்கள். அப்பாவை ஏற்றாதீர்கள், பாதியில் முடியாமல் போனால் அந்தச் சந்தில் எல்லாருக்குமே சங்கடம்.

பேராலய வளாக டிக்கெட்டுகளில், குவிமாடம் ஏறுகிறவர்களுக்குப் புரூனெலெஸ்கி பாஸ், அப்பாவுக்கு விலை குறைந்த கிபெர்ட்டி பாஸ் போதும், பேராலய அருங்காட்சியகமும் ஞானஸ்நான மண்டபமும் அதிலேயே அடங்கும். ஏஜென்ட் எல்லாருக்கும் விலை கூடியதையே கொடுப்பார். உண்மையில் அந்த அருங்காட்சியகத்தில் அப்பா பார்ப்பதற்கு ஒன்றும் குறைவில்லை: 1425 முதல் 1452 வரை சிற்பி கிபெர்ட்டி செய்த கதவுகளின் அசல் அங்கேதான் இருக்கிறது (ஞானஸ்நான மண்டபத்தில் மாட்டியிருப்பது நகல்), மைக்கலாஞ்சலோ முதுமையில் செதுக்கிய பியெட்டா இருக்கிறது, குவிமாடம் கட்டப் பயன்பட்ட கருவிகளும் இருக்கின்றன. லிஃப்ட்டும் உண்டு. இன்னொன்று, பேராலயத்துக்குள் வெறுமனே நுழைய டிக்கெட்டே கிடையாது. அதற்கும் காசு வாங்கி ‘வழிகாட்டி நுழைவு’ என்று விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

நாள் கணக்கையும் சரிபாருங்கள். திங்கள்கிழமை உஃபிஸியும் அக்காடெமியாவும் மூடியிருக்கும். ஞாயிறு அன்று வழிபாடு நடப்பதால் பேராலயத்துக்குள் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். ஆகவே ஞாயிறு மதியம் உஃபிஸி, திங்கள் பேராலய வளாகம், செவ்வாய் காலை அக்காடெமியா. நீங்கள் போகும் ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறாக இருந்தால் அரசு அருங்காட்சியகங்கள் எல்லாருக்கும் இலவசம். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் முன்பதிவு கிடையாது, கூட்டம் தாங்காது, முழங்கால் வலிக்காரரை அந்த வரிசையில் நிறுத்தாதீர்கள். அப்படியானால் உஃபிஸியைச் செவ்வாய்க்கு மாற்றுங்கள், டேவிட்டும் அதே நாளில் பார்த்துவிடலாம்.

‘கியூ இல்லை’ என்பதும் முழு உண்மையல்ல. முன்பதிவு செய்தால் டிக்கெட் வாங்கும் வரிசையில் மட்டும்தான் நிற்க வேண்டாம், பாதுகாப்புச் சோதனையில் எல்லாரும் நிற்கத்தான் வேண்டும். அதே முன்பதிவை நீங்களே அருங்காட்சியகத்திடம் நேரடியாகச் செய்யலாம். உஃபிஸிக்கு உஃபிஸி டாட் ஐடி (uffizi.it) என்ற தளத்திலிருந்துதான் உள்ளே போக வேண்டும். தேடுபொறியில் முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரம், உஃபிஸியின் பெயரையே ஒட்டவைத்துக்கொண்டு மறுவிற்பனை செய்கிற தளங்கள் நிறைய. உஃபிஸி டாட் காம் என்ற பெயரையே யாரோ வைத்துக்கொண்டு டிக்கெட் விற்றதால், 2019இல் அமெரிக்க நீதிமன்றம் வரை போய்த்தான் அருங்காட்சியகம் அதை மீட்டது. ரோமில் கொலோசியம் டிக்கெட்டுகளை மென்பொருள் வைத்து மொத்தமாக அள்ளிய விவகாரத்தில் இத்தாலியின் போட்டி ஆணையம் 2025இல் ஏறக்குறைய 2 கோடி யூரோ அபராதம் போட்டது. சாதாரணப் பயணி வருடக்கணக்காக ஏமாந்த பிறகு வந்த அபராதம்!

குவிமாடத்துக்கான நேரம்தான் முதலில் தீர்ந்துபோகும், பதிவு செய்த பிறகு அதை மாற்றவும் முடியாது. ஆகவே அதை இன்றே எடுங்கள், மற்றவற்றை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். மகனின் பாஸ்போர்ட்டை ஹோட்டலில் விட்டுவிடாதீர்கள், வயதுக்கு ஆதாரம் கேட்பார்கள்.