ஒலாஜுவானின் கால்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஹக்கீம் ஒலாஜுவான் பதினைந்து வயதுக்கு மேல்தான் கூடைப்பந்தைத் தொட்டார் என்கிறார்கள். அவ்வளவு தாமதமாக வந்தவர் எப்படி என்.பி.ஏ.வின் (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) தலைசிறந்த சென்டர்களில் (கூடைக்கடியில் நின்று ஆடுபவர்) ஒருவரானார்? பிறவித் திறமை என்று சொல்லி முடித்துவிடலாமா? என் அண்ணன் மகன் அவருடைய ஏமாற்று அசைவான ‘ட்ரீம் ஷேக்’கைப் பழகுகிறான். ஒவ்வொரு முறையும் டிராவலிங் (பந்தோடு காலை விதி மீறி நகர்த்துவது) விசில்தான்!

ர.

அன்புள்ள ர.,

பிறவியில் வந்தது உயரம். கால்கள் பழகி வந்தவை. 1963இல் லாகோஸில் பிறந்த ஒலாஜுவான், கூடைப்பந்துக்கு முன் கால்பந்தில் கோல்கீப்பர், ஹேண்ட்பாலும் ஆடினார். எதிராளி பாசாங்கு காட்டும்போது அசையாமல் நின்று, பந்து கிளம்பியபின் பாய்வது கோல்கீப்பரின் அன்றாடப் பாடம். கூடைக்கடியில் எதிராளியின் ஷாட்டை அப்படித் தட்டிவிட்டால் அதற்குப் பெயர் பிளாக். 3,830 பிளாக்குகள், இன்றும் அதுவே சாதனை. (பிளாக்கைக் கணக்கெடுக்கத் தொடங்கியதே 1973-74 சீசனில்தான், அதற்கு முன் ஆடிய சென்டர் பில் ரஸலின் ரசிகர்கள் இதைச் சொல்லாமல் விடமாட்டார்கள், நியாயம்தான்.) எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 2,162 ஸ்டீல்கள் (எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பது). ஒரு சென்டருக்கு இது நம்ப முடியாத எண். இரண்டிலும் இரண்டாயிரத்தைத் தாண்டியவர் இவர் ஒருவரே.

ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் முதல் சீசன் முழுக்க அவர் ஆட்டத்தில் இறங்கவில்லை. உடம்பை உரமாக்கியது கோடைக்கால ஆட்டங்கள். அங்கே எதிரே நின்றவர் மோசஸ் மலோன், ஹூஸ்டனின் என்.பி.ஏ. அணியான ராக்கெட்ஸின் அன்றைய சென்டர். அவரிடம் இடி வாங்கித் தேறியவர் கல்லூரி அணியோடு 1982, 83, 84 என மூன்று முறை கல்லூரிகளின் தேசியப் போட்டியில் கடைசி நான்கு அணிகளுக்குள் வந்தார், கோப்பை கிடைக்கவில்லை. அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 1984 டிராஃப்டில் ராக்கெட்ஸ் முதல் ஆளாக இவரை எடுத்தது. மைக்கேல் ஜோர்டன் மூன்றாவது. ஆனாலும் அந்தத் தேர்வை யாரும் பெரிதாகக் குறை சொல்வதில்லை. 1993-94இல் சீசனின் எம்.வி.பி. (மிகவும் மதிப்புமிக்க ஆட்டக்காரர்), சிறந்த தடுப்பாட்டக்காரர், இறுதித் தொடரின் எம்.வி.பி. மூன்றும் அவருக்கே. ஒரே சீசனில் இம்மூன்றையும் வாங்கியவர் வேறு எவருமில்லை.

இப்போது ட்ரீம் ஷேக். பந்தை வாங்கும்போது இரு கால்களும் ஒரே நேரத்தில் தரையில் பதிய வேண்டும். அப்போதுதான் எந்தக் காலையும் பிவட்டாக (நகராமல் ஊன்றிச் சுழலும் கால்) வைத்துக்கொள்ளலாம். ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் முதலில் பட்ட கால்தான் பிவட். பிறகு தோளையும் தலையையும் பேஸ்லைன் (கூடைக்குப் பின்னுள்ள எல்லைக்கோடு) பக்கம் அசைத்து, உள்பக்கம் திரும்பி, ஹூக் (ஒரு கையைத் தலைக்கு மேல் வளைத்துப் போடும் ஷாட்) போடுவதுபோல் பந்தை உயர்த்த வேண்டும். தடுப்பவர் எழும்பியதும் அவர் கைக்கடியில் மற்றக் காலை நீட்டி நுழைந்து லே-அப், அதாவது கூடைக்கு மிக அருகிலிருந்து பந்தைப் போடுவது. 1995 மேற்குப் பிரிவு இறுதித் தொடரின் இரண்டாம் ஆட்டத்தில் எதிரணி சென்டர் டேவிட் ராபின்சன் இப்படித்தான் காற்றில் தொங்கினார். அன்று எம்.வி.பி. கோப்பையை வாங்கியவர் ராபின்சன். 41 புள்ளி அடித்தவர் ஒலாஜுவான்.

பையன்கள் சறுக்குவது பெரும்பாலும் அவசரத்தால். பாசாங்கை எதிராளி நம்புவதற்குள் அடுத்த அசைவுக்குப் போய்விடுகிறார்கள். அதோடு, பேஸ்லைனிலிருந்து பின்னால் சாய்ந்து போடும் ஷாட் விழாவிட்டால் எதிராளி எதற்கு எழும்புவார்? ஒலாஜுவானுக்கு அது விழுந்துகொண்டே இருந்தது. முதலில் அதைப் பழகட்டும்.

விசிலுக்குக் காரணம் வேறு. ஷாட்டுக்காகப் பிவட் காலைத் தூக்கலாம், அது மறுபடி தரையைத் தொடுமுன் பந்து கையைவிட்டுப் போய்விட வேண்டும். பந்தைத் தரையில் தட்டி டிரிபிள் செய்வதென்றால், பந்து கையைவிட்ட பிறகே அந்தக் கால் எழலாம். இந்த இரண்டாவதில்தான் அதிகம் மாட்டிக்கொள்வார்கள். இடுப்புக்குக் கீழே மட்டும் தெரிகிறமாதிரி கைபேசியில் படமெடுத்து, மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.