தோட்டத்துக் கோயில் கோபுரத்துக்கு 24 மிமீ டில்ட்-ஷிஃப்ட், டிஜிட்டல் பேக்கில் பொருந்துமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து இப்படிக் கேட்டவரிடம் இருப்பவை கேனன் டிஎஸ்-இ 24 மிமீ டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ் (சாய்க்கவும் பக்கவாட்டில் நகர்த்தவும் முடிவது, இரண்டாம் பதிப்பு), ஹாசல்பிளாட் சிஎஃப்வி 50சி இரண்டாம் பேக் (பாடியின் பின்னால் மாட்டும் சென்சார் பெட்டி), அதே நிறுவனத்தின் பழைய வி பாடி.

வி பாடியை மறந்துவிடுங்கள். அதன் ஃபிளான்ஜ் தூரம் (லென்ஸ் மாட்டும் வளையத்திலிருந்து சென்சார் வரை) 74.9 மிமீ, கேனனுக்கு 44 தான்; தூரத்துக் காட்சி ஃபோகஸே ஆகாது. இதே பேக்கை மாட்டக்கூடிய ஹாசல்பிளாட்டின் மெல்லிய 907எக்ஸ் பாடியில் அந்தத் தூரம் 18.14; அதில் பொருத்தலாம். ஆகவே இடையில் மாட்டும் அடாப்டர் வளையத்தின் தடிமன் 25.86 மிமீ. ஒரு மயிரிழை குறைந்தால் பரவாயில்லை, கூடினால் கோபுரக் கலசம் மங்கிவிடும்.

லென்ஸின் ஒளிவட்டம் (அது படம் விழச் செய்யும் வட்டத்தின் விட்டம்) 67.2 மிமீ, சென்சார் 43.8×32.9. கிடைமட்டப் படத்தில் சுமார் 9 மிமீ மேலே நகர்த்தலாம், செங்குத்தில் 7தான். லென்ஸில் 12 வரை கோடு இருக்கிறதே என்று திருகினால் மூலைகள் கறுக்கும்.

மின்தொடர்பு இல்லாத சாதா அடாப்டரில் அப்பர்ச்சர் (லென்ஸின் ஒளித்துளை) முழுதாகத் திறந்தே நிற்கும். கேனன் பாடியில் எஃப்/11 வைத்து, டெப்த் பிரிவியூ பட்டனை அழுத்தியபடியே லென்ஸைக் கழற்றுங்கள், அப்படியே நிற்கும்.

லென்ஸில் ஷட்டர் இல்லை, பேக்கின் எலக்ட்ரானிக் ஷட்டர்தான்; அது சென்சாரை வரிவரியாக மெதுவாக வாசிக்கும். காற்றில் ஆடும் செம்பனை ஓலை வளைந்து விழும், காற்றில்லாத விடியலே நல்லது. ஒவ்வொரு ஷிஃப்ட்டுக்கும் வெள்ளை அக்ரிலிக் தகட்டை லென்ஸ்முன் பிடித்து ஒரு படம் எடுத்து வைத்தால் ஓரக் கருமையைப் பிறகு நீக்கலாம்.