ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் பெங்களூர் வரும் தம்பிக்கு

தம்பி, ‘கொரோனா ஊசி முதல் டோஸ் போட்டதும் உடம்பெல்லாம் தடித்து, மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தேன், இரண்டாவது வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், இதைப் பெங்களூர்க் கல்லூரியில் யாரிடம் சொல்வது’ என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே ஹாஸ்டலா, தனி ரூமா, கன்னடம் வேண்டுமா என்றும். ரூம் எங்கேயாவது கிடைக்கும். கன்னடம் ஆறு மாதத்தில் வந்துவிடும். பத்து வருஷம் ஒயிட்ஃபீல்டில் இருந்தும் ‘கன்னட கொத்தில்லா’ (கன்னடம் தெரியாது) தாண்டாத நம்ம ஐடி ஆட்களைப் பார்த்து மிரளாதீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். 2021 ஜூலையில் இங்கே டிகிரி கல்லூரிகளைத் திறந்தபோது ஒரு டோஸாவது போட்டிருக்க வேண்டும் என்றார்கள். அது உங்களிடம் இருக்கிறது. முதல் ஊசியில் கடும் அலர்ஜி வந்தவருக்கு அடுத்தது கூடாது என்பது சுகாதார அமைச்சகமே சொன்னது. அதனால் சலுகை கேட்பதுபோல் கூனிக்குறுக வேண்டாம். ஆனால் 2022 ஜனவரியில் டென்னிஸ் வீரர் ஜோகோவிச் ஊசி போடாமல் மருத்துவ விலக்கோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய், திருப்பி அனுப்பப்பட்டதற்கு அப்புறம் ‘விலக்கு’ என்றாலே ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அமெரிக்காவில் மிச்சிகனில் 16 விளையாட்டு மாணவர்கள் ஊசி போடாமலே ஆடலாம் என்று கோர்ட்டில் ஜெயித்ததை யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். அது மத நம்பிக்கை வழக்கு. உங்களுடையது வைத்தியம், இரண்டையும் குழப்பாதீர்கள். காசுக்குச் சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன் என்று வருகிறவன் அநேகமாக நம்ம ஊர்க்காரனாகவே இருப்பான். கிட்டே சேர்க்காதீர்கள்.

ஊசி போட்டதற்கு அரசு தரும் கோவின் சர்டிபிகேட்டில் பேர், வயது, எந்த ஊசி, என்றைக்கு என்பது மாதிரி விவரங்கள்தான், வியாதி எதுவும் இருக்காது. அதைத் தாராளமாகக் காட்டுங்கள். வியாதி விவரமெல்லாம் இருக்கும் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொடுக்காதீர்கள். ‘மருத்துவக் காரணத்தால் இரண்டாம் டோஸ் கூடாது, ஓடத் தகுதியானவர்’ என்று டாக்டரிடம் இரண்டு வரி வாங்கி, உறையில் போட்டு ஒட்டி, பிரின்சிபால் கையில் கொடுங்கள். கோச்சிடம் வேண்டாம், டீம் வாட்ஸ்அப் குரூப்பில் சத்தியமாக வேண்டாம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் சொன்ன வழக்கைப் போட்ட புட்டசாமியே கர்நாடக ஹைகோர்ட்டில் நீதிபதியாக இருந்தவர்தான். கோச்சுக்கு அதெல்லாம் தெரிந்திருக்காது. அலர்ஜி விவரம் தெரிய வேண்டியது போட்டிக்கு வரும் டாக்டருக்கு மட்டும். அவரிடம் எதையும் மறைக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், 1994இல் திருவண்ணாமலையிலிருந்து தகரப்பெட்டியோடு கபடி ஆட வந்தவன் நான். சின்ன வயதில் வலிப்பு வந்ததை மெடிக்கல் ஃபாரத்தில் உண்மையாக எழுதிக் கொடுத்தேன். எங்கள் மாஸ்டர் அதை மைதானத்தில் எல்லார் முன்னாலும் வாசித்தார். கெட்ட எண்ணமில்லை, இவனைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான். மறுநாள் பயிற்சிக்கு ஒருத்தன் சாவிக்கொத்தோடு வந்தான், வலிப்பு வந்தால் கையில் கொடுக்க. அன்றிலிருந்து எனக்குப் பேர் ‘பீகதகை’. அர்த்தம் தெரியாமல் ஒரு வாரம் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். மெஸ்காரர்தான் சொன்னார், சாவியாம். நான் கற்ற முதல் கன்னட வார்த்தை. மூன்று வருஷம் ஆடினேன், ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை.

போன வருஷம் அல்சூர் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தேன். மாஸ்க் போட்ட ஒருத்தர் ஸ்கூட்டரை நிறுத்தினார். பழைய டீம் ஆள். என் பேர் அவருக்கு ஞாபகம் வரவில்லை. ‘பீகதகை!’ என்று கூப்பிட்டார்.