லேவா, ஸ்பிட்டியா? இரவு தங்கும் உயரத்தைப் பார்த்து முடிவெடுங்கள்

கேள்வி: நாங்கள் ஒன்பது நண்பர்கள். வயது 27 முதல் 61 வரை. ஜூலை கடைசியில் 15 நாள் விடுப்பு எடுத்து, திருச்சியிலிருந்தே இரண்டு காரில் கிளம்பி, மணாலி வழியாக லடாக்கின் லே வரை போய்வர ஆசை. நன்றாகக் கார் ஓட்டுபவர்கள் மூன்று பேர். 61 வயதுக்காரர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இன்னொருவருக்கு ஆஸ்துமா. எங்களில் சிலர் ஸ்ரீநகர் வழியே நல்லது என்கிறார்கள், சிலர் ஸ்பிட்டி போதும் என்கிறார்கள். பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு எல்லோர் வீட்டிலும் பயம். எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது? பாதுகாப்பை எப்படிக் கணக்கிடுவது?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: முடிவை முதலில் சொல்லிவிடுகிறோம். இந்த ஒன்பது பேருக்கு, இந்தப் 15 நாளில், மணாலி–லே வேண்டாம். பயணத்தைச் செப்டம்பர் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். இமாச்சலத்தில் சிம்லா, கின்னௌர் மாவட்டம் வழியாக ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குப் போய், அதே வழியில் திரும்புங்கள். சொந்தக் காரைத் திருச்சியிலேயே விட்டுவிடுங்கள்.

கார் கணக்கு எளிது. திருச்சியிலிருந்து மணாலி ஏறத்தாழ 3,000 கி.மீ. ஒரு நாளைக்கு 550 கி.மீ. ஓட்டினாலும் போக ஐந்தரை நாள், வர ஐந்தரை நாள். மலைக்கு மிஞ்சுவது நான்கே நாள். அதைவிடக் கவலை தருவது, சமவெளியில் ஐந்து நாள் ஓட்டிக் களைத்தவர்களே ஆறாம் நாள் மலைப்பாதையில் ஸ்டியரிங் பிடிப்பார்கள் என்பது. சென்னையிலிருந்து தில்லிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் சுமார் 33 மணி நேரத்தில் போய்விடுகிறது. அங்கிருந்து சண்டிகர் போய், இமாச்சலப் பதிவெண் கொண்ட வாடகை வண்டியை உள்ளூர் டிரைவரோடு எடுங்கள். திரும்பும்போது மட்டும் விமானம் வைத்துக்கொண்டால் இரண்டு நாள் மிஞ்சும். அந்த இரண்டு நாளும் மலைக்குத்தான், பாதை அடைபட்டால் காத்திருப்பதற்கு.

இனி உயரம். பலரும் கணவாய்களின் உயரத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் முதலில் பார்க்கவேண்டியது எந்த உயரத்தில் படுத்துத் தூங்குகிறீர்கள் என்பதை. கணவாயில் அரை மணி நேரம் நின்றுவிட்டு இறங்குவதை உடல் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். தூக்கத்தில் மூச்சு மெதுவாகி, இரத்தத்தில் ஆக்சிஜன் இன்னும் குறையும். அந்த நிலையில் எட்டு மணி நேரம் கிடப்பதுதான் மலைநோயைக் கிளப்புகிறது. 3,000 மீட்டருக்கு மேல் போனால், ஒரு இரவிலிருந்து அடுத்த இரவுக்குத் தங்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பொதுவான விதி.

மணாலி–லே பாதையை இந்த விதியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மணாலி சுமார் 2,050 மீட்டர். அடல் சுரங்கம் வழியாகப் போய் முதல் இரவு ஜிஸ்பாவில் தங்கினால் 3,200. இரண்டாம் இரவு சர்ச்சுவில், ஏறத்தாழ 4,300. ஒரே தாவலில் 1,100 மீட்டர். கூடாரத்தில் தலைவலியும் வாந்தியுமாக விடிய விடிய உட்கார்ந்திருக்கும் கூட்டத்தை ஒவ்வொரு பருவத்திலும் அங்கே பார்க்கலாம். அதைவிடப் பெரிய சிக்கல், சர்ச்சுவில் ஒருவருக்கு மோசமாகிவிட்டால் நேராக இறங்க வழியில்லை. மணாலி பக்கம் திரும்பினால் சுமார் 4,900 மீட்டர் பாராலாச்சா கணவாய் குறுக்கே நிற்கிறது. லே பக்கம் போனால் 5,000 மீட்டரைத் தாண்டிய லாச்சுங் லாவும், அதற்கப்பால் 5,300 மீட்டரைத் தாண்டிய தங்லங் லாவும். இறங்குவதே மருந்து என்ற நோய்க்கு, முதலில் ஏறினால்தான் இறங்க முடியும் என்ற இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். பாங்கோங் ஏரிக்கரையில் இரவு தங்கினாலும் இதே கதை. லே திரும்ப 5,300 மீட்டரைத் தாண்டிய சாங் லாவைக் கடக்கவேண்டும். 61 வயதுக்காரர் ஒருவர் இருக்கும் குழுவுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஸ்ரீநகர் வழி என்று சொன்ன நண்பர் உயரத்தைப் பொறுத்தவரை சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஸ்ரீநகர் 1,600, சோன்மார்க் 2,700, கார்கில் 2,700, பிறகு லே 3,500 என்று படிப்படியாக ஏறுகிறது. என்றைக்காவது லே போவதானால் அந்தப் பக்கம் ஏறி, உடல் பழகிய பிறகு மணாலி பக்கம் இறங்குங்கள். ஆனால் அதற்கு மலையில் மட்டுமே 12 நாளாவது வேண்டும். தமிழ்நாட்டு ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும் என்பதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிட்டிக்குக் கின்னௌர் வழியாகப் போனால் சிம்லா 2,200, கல்பா 2,960, தாபோ 3,280, காஸா 3,650. எந்த இரவும் 500 மீட்டர் விதியை மீறுவதில்லை. காஸாவில் யாருக்காவது முடியாமல் போனால் 47 கி.மீ. தொலைவில் தாபோ, ஏறத்தாழ 370 மீட்டர் கீழே. இன்னும் இறங்கவேண்டுமானால் வழியில் நாக்கோ அருகே பாதை மறுபடி ஏறும், ஆனால் காஸாவின் உயரம் அளவுக்குத்தான். பிறகு சட்லெஜ் பள்ளத்தாக்கில் இறங்கிக்கொண்டே போகலாம். காஸாவில் அரசு சமுதாய சுகாதார மையம் இருக்கிறது. ரெக்காங் பியோவில் மண்டல மருத்துவமனை, சிம்லாவில் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி. நடுவில் ஏறித் தாண்டவேண்டிய பெரிய கணவாய் ஒன்றுகூட இல்லை.

ஜூலை கடைசி ஏன் கூடாது? கின்னௌரின் ஆபத்து உயரத்தில் இல்லை, மலைச்சரிவில் இருக்கிறது. 2021 ஜூலை 25 அன்று பட்சேரி அருகே பாறைகள் உருண்டு சுற்றுலாப் பயணிகள் ஒன்பது பேர் இறந்தார்கள். ஆகஸ்ட் 11 அன்று நிகுல்சாரியில் நிலச்சரிவு அரசுப் பேருந்தையும் மற்ற வண்டிகளையும் மூடியது, 28 பேர் மாண்டார்கள். இரண்டும் மழைக்காலத்தில் நடந்தவை. மணாலி பக்கமும் அப்படித்தான், 2023 ஜூலையில் பியாஸ் ஆறு நெடுஞ்சாலையையே பல இடங்களில் அரித்துக்கொண்டு போனது. இமாச்சலத்திலிருந்து பருவமழை விலகுவது பொதுவாகச் செப்டம்பர் கடைசி வாரத்தில். ஆகவே செப்டம்பர் 22, 23 வாக்கில் சண்டிகரில் வண்டி ஏறுங்கள். குடும்பஸ்தர்களுக்குக் காலாண்டு விடுமுறையை ஒட்டி வருவதால் விடுப்பும் எளிதாகக் கிடைக்கலாம். ஆப்பிள் லாரிகளால் கின்னௌர் பாதையில் நெரிசல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். காஸாவில் இரவுக் குளிர் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி இறங்கும், அதற்கேற்ற கம்பளி உடை வேண்டும்.

குன்சும் கணவாய் வழியாக மணாலிக்கு இறங்கி ஒரு வட்டம் முடிக்கலாமே என்று ஏஜெண்டுகள் ஆசை காட்டுவார்கள். மறுத்துவிடுங்கள். கணவாய் 4,550 மீட்டர், அதற்கப்பால் கிராம்ஃபூ வரை பாதை கரடுமுரடு, ஓடைகள் வேறு சாலையை வெட்டிக்கொண்டு ஓடும். 2018 செப்டம்பரில் இதே நாட்களில் திடீர்ப் பனி கொட்டி, லாஹௌல்–ஸ்பிட்டியில் நூற்றுக்கணக்கானோர் மாட்டிக்கொண்டார்கள், விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்து மீட்கவேண்டியிருந்தது. சந்திரதால் ஏரியையும் இதே காரணத்துக்காக விடச் சொல்கிறோம். அழகான இடம்தான். ஆனால் 4,250 மீட்டரில் படுக்கவேண்டும்.

வீட்டாரின் பயத்துக்கு வருவோம். 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமுக்கு அருகே பைசரன் புல்வெளியில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். அந்தப் பயம் நியாயமானது, அதை அலட்சியமாகத் தள்ளாதீர்கள். ஆனால் அமைதியான ஊர், ஆபத்தான ஊர் என்று நிரந்தரமாகப் பெயர் சூட்டவும் முடியாது. பலரும் கவலையில்லாமல் போய்வந்துகொண்டிருந்த லேவிலேயே 2025 செப்டம்பர் 24 அன்று போராட்டத்தில் நான்கு பேர் இறந்து, ஊரடங்கு போடப்பட்டது. இப்படிப்பட்ட ஆபத்தை யாராலும் முன்கூட்டிக் கணிக்க முடியாது. உங்களால் முடிந்தது, நிலைமை மாறினால் பணத்தை நினைத்துத் தயங்காமல் திரும்பும்படி ஏற்பாடு செய்துகொள்வது. அறைகளை ரத்து செய்யக்கூடிய விதத்தில் எடுங்கள். கிளம்புவதற்குப் பத்து நாள் முன், மூன்று நாள் முன், சண்டிகரில் வண்டி ஏறும் காலையில் என மூன்று முறை மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பாருங்கள். எடுக்கும் பயணக் காப்பீடு கலவரத்தையும் பயங்கரவாதத்தையும் ஈடு செய்கிறதா என்று வாசித்துப் பாருங்கள், விலக்குப் பட்டியலில் அவை அடிக்கடி இருக்கும். அதே வேளையில், இந்தப் பயணத்தில் உங்களுக்கு நேரக்கூடிய கெடுதல் பெரும்பாலும் சாலையிலிருந்தோ சரிவிலிருந்தோ உயரத்திலிருந்தோதான் வரும் என்பதையும் வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள்.

மலையில் நாட்களை இப்படிப் பிரிக்கலாம். சண்டிகரிலிருந்து முதல் நாள் நார்க்கண்டா. மறுநாள் கல்பா, அங்கே இரண்டு இரவு. பிறகு தாபோ ஒரு இரவு. கி.பி. 996-ல் எழுந்த மடாலயத்தை மறுநாள் காலையில் நிதானமாகப் பார்த்துவிட்டுக் காஸா போனால் போதும். காஸாவில் மூன்று இரவு. முதல் நாள் ஊருக்குள்ளேயே நடங்கள். இரண்டாம் நாள் கீ மடாலயம். மூன்றாம் நாள் லாங்சா, ஹிக்கிம் போன்ற 4,400 மீட்டர் கிராமங்களுக்கு ஏறி, மாலைக்குள் காஸா திரும்புங்கள். அந்தக் கிராமங்களில் வீட்டு விடுதிகள் நன்றாகத்தான் இருக்கும், உங்கள் குழு அங்கே இரவு தங்கவேண்டாம். திரும்பும்போது காஸாவிலிருந்து கல்பா 200 கி.மீ.க்கு மேல். விடிந்ததும் கிளம்பினால்தான் வெளிச்சத்தில் போய்ச் சேரலாம்.

இரவில் மலைப்பாதை வேண்டவே வேண்டாம். தினமும் ஆறரைக்குக் கிளம்பி மாலை நான்குக்குள் அறைக்குப் போய்விடுங்கள். பகல் ஏற ஏறக் காற்று பலக்கும், மேலிருந்து கற்கள் உதிரும். கல் விழும் இடம் என்று பலகை இருந்தால் அங்கே படம் எடுக்க இறங்காதீர்கள், இரண்டு வண்டியும் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகக் கடக்கட்டும்.

வண்டி விஷயத்தில், ஒன்பது பேருக்கு ஒரு டெம்போ டிராவலர் மலிவாக இருக்கும். இரண்டு இன்னோவா எடுங்கள். ஒருவருக்கு முடியவில்லை என்றால் ஒரு வண்டி அவரைக் கூட்டிக்கொண்டு உடனே கீழே இறங்கலாம், மற்றவர்கள் நிர்க்கதியாக நிற்கவேண்டாம். முன்பணம் கொடுக்கும் முன் பதிவெண்ணை வாங்கி, காப்பீடும் தகுதிச் சான்றும் செல்லுபடியாகின்றனவா என்று எம்பரிவாஹன் செயலியில் பாருங்கள். வண்டி வந்ததும் டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். 3623 என்றால் 2023-ஆம் ஆண்டின் 36-வது வாரத்தில் செய்தது. ஆறு ஆண்டு தாண்டிய டயரை மாற்றச் சொல்லுங்கள். டயரின் பள்ளம் சட்டப்படி 1.6 மி.மீ. இருந்தாலே போதும், ஆனால் இந்தப் பாதைக்கு 3 மி.மீ.க்குக் குறையக்கூடாது. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கி உண்மையாகவே தூக்குகிறதா என்று சண்டிகரிலேயே செய்து பாருங்கள். இறக்கத்தில் டிரைவர் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால், சூட்டில் பிரேக் ஆயில் கொதித்து, பெடல் தொளதொளத்துவிடும். இரண்டாம் கியரில் இறங்கச் சொல்லுங்கள். எரிந்த வாடை வந்தால் ஓரங்கட்டி இருபது நிமிடம் ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றக்கூடாது. டிரைவர்களுக்கும் கட்டில், கம்பளி, சூடான சாப்பாடு கிடைக்கிறதா என்று தினமும் விசாரியுங்கள். தூங்காத டிரைவரைவிடப் பெரிய ஆபத்து அந்தச் சாலையில் இல்லை. பெட்ரோல், டீசலைக் கின்னௌரில் உள்ள போவாரியில் நிரப்பினால் அடுத்துக் காஸாவில் நிரப்பலாம்.

இரத்த அழுத்தக்காரரும் ஆஸ்துமாக்காரரும் ஒரு மாதம் முன்பே தங்கள் டாக்டரைப் பார்க்கட்டும். அசெட்டசோலமைடு மாத்திரையை 125 மி.கி. வீதம் இரு வேளை, ஏறுவதற்கு முதல்நாளிலிருந்து கொடுப்பது வழக்கம். இந்த மெதுவான ஏற்றத்தில் எல்லோருக்கும் அது தேவைப்படாது. சல்ஃபா ஒவ்வாமை இருந்தாலோ, அழுத்தத்துக்குச் சாப்பிடுவதே சிறுநீர் பிரிக்கும் மாத்திரையாக இருந்தாலோ டாக்டரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். இன்ஹேலரைப் பையில் போடாமல் சட்டை உள்பையில் வையுங்கள், குளிரில் அது சரியாகப் பீய்ச்சாது. மதுவும் தூக்கமாத்திரையும் காஸா முடியும்வரை கூடாது. ஆக்சிமீட்டர் காஸாவில் 85 முதல் 92 வரை காட்டுவது சகஜம். எண்ணைப் பார்த்துப் பதறாமல் ஆளைப் பாருங்கள். தலைவலியோடு குமட்டல், அசதி இருந்தால் அன்றைக்கு மேலே ஏறவேண்டாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், அல்லது குதிகாலும் விரல்நுனியும் ஒட்டினாற்போல் அடிவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடினால், நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோக்கிறது என்று பொருள். சுகாதார மையத்துக்குக் கொண்டுபோங்கள், 108-ஐ அழையுங்கள், கீழே இறக்குங்கள். இரவில் ஓட்டக்கூடாது என்ற விதியை இதற்காக மட்டும் மீறலாம். கடையில் விற்கும் சிறு ஆக்சிஜன் டப்பா சில நிமிடங்களில் தீர்ந்துவிடும், அதை நம்பி இறங்குவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கிளம்புமுன் ஒன்பது பேரும் உட்கார்ந்து ஒரு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். வண்டியைத் திருப்பலாம் என்று யார் ஒருவர் சொன்னாலும் திருப்பவேண்டும். ஓட்டெடுப்பும் கேலியும் கூடாது. பெரியவர் மற்றவர்களின் பயணத்தைக் கெடுக்கிறோமே என்று தலைவலியை மறைக்கக்கூடும், ஆகவே காலையும் இரவும் ஒருவர் எல்லோரையும் விசாரிக்கும் பொறுப்பை ஏற்கட்டும். கின்னௌருக்கோ லாஹௌல்–ஸ்பிட்டிக்கோ வானிலைத் துறை ஆரஞ்சு எச்சரிக்கை விட்டால் இருக்கும் ஊரிலேயே நில்லுங்கள். சிவப்பு என்றால் சிம்லாவைத் தாண்டாதீர்கள். சாலை நிலவரத்துக்கு இமாச்சல மாவட்டப் பேரிடர் மையத்தின் எண் 1077.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாள் கொடுத்துவிட்டு வாருங்கள். தினமும் தங்கும் ஊர், விடுதி எண், இரண்டு வண்டியின் பதிவெண், டிரைவர் எண் எல்லாம் அதில் இருக்கட்டும். கல்பாவிலிருந்து தாபோ போகும் பகலில் பல மணி நேரம் சிக்னல் கிடைக்காது, அன்றைக்கு இரவு எட்டு மணி வரை பேச்சு வராவிட்டால் கவலைப்படவேண்டாம், அதற்கு மேலும் வராவிட்டால் முதலில் விடுதிக்கும் பிறகு அந்த மாவட்டப் போலீசுக்கும் பேசவேண்டும் என்றும் அதிலேயே எழுதிவையுங்கள்.