மதில் இல்லாத வாயில்

கேள்வி: மட்டக்களப்பு காந்தி பூங்காவின் அருகே, வாவிக் கரையில், மதில் எதுவுமின்றி ஒரு வாயில் தனியே நிற்கிறதே, அது ஒல்லாந்தர் கோட்டையின் மிச்சமா? ஊரில் கவனயீர்ப்புப் போராட்டம் என்றால் எல்லோரும் அந்தப் பூங்காவுக்கே வருவது ஏன்?
(வாசகர், களுவாஞ்சிகுடி)

பதில்: கோட்டையின் மிச்சம் அன்று. போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை, நகரின் மையமான அதே புளியந்தீவில் வேறோர் இடத்தில் தன் நான்கு கொத்தளங்களுடன் இன்றும் நிற்கிறது. நீங்கள் கண்டது இறங்குதுறையின் வாயில். தீவாக அமைந்த நகருக்குப் பாலங்கள் வருமுன், சந்தைக்கும் கச்சேரி என்ற அரச அலுவலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வந்தவர்கள் தோணியில்தான் வந்தாக வேண்டும். அவர்கள் கரையேறிய துறைக்கு நேரே அந்த வாயில் இருந்தது. மெதடிஸ்த மிஷனரியான வில்லியம் ஓல்ட் 1814இல் கால் வைத்த இடமும் அதுவே. ஓராண்டுகூட நிறையாமல் 1815இல் அவர் இங்கேயே இறந்துபோனார். ஆனால் அவர் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் வயதை அந்த 1814இலிருந்தே எண்ணுகிறது.

துறை ஓய்ந்ததற்குக் காரணம் பாலங்களும் தெருக்களும்தான். கல்லடிப் பாலம் 1924இல் திறக்கப்பட்டது, 1928இல் ரயில் வந்தது, பிறகு பஸ்கள் பெருகின. தண்ணீரைப் பார்த்திருந்த ஊர் மெல்லத் திரும்பித் தெருவைப் பார்க்கத் தொடங்கியது. இன்று பூங்காவில் மாலையில் உட்கார்ந்திருப்பவர்களைக் கவனியுங்கள்: கச்சான் (நிலக்கடலை) சுருளைப் பிரித்து வைத்துக்கொண்டு, ரியூஷன் முடிந்து வரும் பிள்ளைக்காகவோ கடைசி பஸ்ஸுக்காகவோ காத்திருக்கும் பலர், வாவிக்கு முதுகைக் காட்டியபடிதான் இருக்கிறார்கள். எனக்கு அதில் சிறு வருத்தம் உண்டு. வாவிக் காற்று மட்டும் முதுகுப் பக்கமாக வந்து கச்சான் கோதைத் தட்டிவிட்டுப் போகிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் விடை இதிலேயே இருக்கிறது. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்தும் கிழக்குக் கரையான எழுவான்கரையிலிருந்தும் வருகிற எவரும் வழி கேட்காமல் வந்து சேரக்கூடிய இடம் அது. பஸ் நிலையமும் கடைத்தெருவும் பக்கத்திலேயே இருப்பதால், அங்கே நின்றால் ஊரின் கண்ணில் படாமல் இருக்க முடியாது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தாய்மார் அங்கே வெயிலில் நிற்பதை நானும் பார்த்திருக்கிறேன். தெருவைக் கடப்பவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக, அவர்களும் வாயிலுக்கு முதுகைக் காட்டித் தெருவை நோக்கியே நின்றார்கள்.