கனவு என்று தெரிந்தே காணும் கனவு

கேள்வி: தேர்வு அறையில் இருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வினாத்தாளின் எழுத்துகள் மாறுகின்றன, 'இது கனவு' என்று எனக்கே புரிந்துவிடுகிறது. இப்படிப் புரிந்தபின் விழிக்க முடியாமல் போனால் உயிருக்கே ஆபத்து என்கிறார் பாட்டி. உண்மையா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அஞ்ச வேண்டாம். நீங்கள் கண்டது தெளிநிலைக் கனவு. ஆய்வுக்கூடத்தில் உறுதி செய்யப்பட்ட அனுபவம். கனவு மிகுந்த உறக்கத்தில் கைகால் தசைகள் தளர்ந்துவிடும், கண்கள் மட்டும் அசையும் என்பதால், இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் 1975-இல் ஆய்வாளர் கீத் ஹெர்ன் ஓர் ஏற்பாடு செய்தார்: கனவு என்று உணர்ந்ததும், உறங்குபவர் முன்பே பேசிவைத்தபடி கண்களை இடவலமாக அசைக்க வேண்டும். அந்த அசைவுகள் கருவியில் அப்படியே பதிவாயின. மூளை அலைகளோ அவர் உறக்கத்தில்தான் இருக்கிறார் என்று காட்டின. கனவுக்குள்ளிருந்து வந்த அந்தச் செய்தியை நினைக்கும்போது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

விழிக்க முடியாது என்பதற்கு நேர்மாறாக, கனவென்று தெரிந்த பரபரப்பிலேயே பலருக்கும் உறக்கம் கலைந்துவிடுகிறது. பாட்டி அஞ்சுவது, விழித்த பிறகும் உடல் அசையாமல் கிடக்கும் உறக்க முடக்கமாக இருக்கலாம். 'அமுக்குவான் பேய்' என்று நம் ஊர்களில் சொல்லப்படும் அது வேறு, அதுவும் சிறிது நேரத்தில் தானே விலகிவிடும். கனவென்று அறிந்தால் நினைத்ததையெல்லாம் நடத்திக்கொள்ளலாம் என்பதும் தவறு. அறிவது வேறு, ஆள்வது வேறு. இத்தகைய கனவை வரவழைப்பதற்காக நள்ளிரவில் அலாரம் வைத்து எழுந்து உறக்கத்தைக் கெடுத்துக்கொள்வதை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன்.