இணைவு உலைக்கு எந்தச் சூடேற்றி? முதலில் மின்னோட்டக் கணக்கு

கேள்வி: டோகமாக் வகை (வளைய வடிவக் காந்தக் கூண்டில் பிளாஸ்மாவைப் பிடித்துவைக்கும்) அணுக்கரு இணைவு உலை ஒன்றை, மின்சாரம் தயாரிப்பதற்காக, கருத்தளவில் வடிவமைக்கிறோம். பிளாஸ்மாவைச் சூடேற்ற நியூட்ரல் பீம் (வேகமான நடுநிலை அணுக்களின் கற்றை), கைரோட்ரான் (மைக்ரோவேவ் உருவாக்கும் குழாய்), ஐசிஆர்எச் (அயனிகளோடு ஒத்ததிரும் ரேடியோ அலை) மூன்றில் எது சரி? மூன்றையும் கொஞ்சம் கொஞ்சம் வைத்துவிடலாமா?

பதில்: ஆய்வுக் கருவிக்கு வைக்கலாம், மின்சாரம் தயாரிக்கும் உலைக்கு வேண்டாம். ஒவ்வொரு முறைக்கும் சுவரில் ஓட்டை போட வேண்டும். எரிபொருளான டிரிடியத்தை உருவாக்கும் பிளாங்கெட்டுக்கு (பிளாஸ்மாவைச் சுற்றியுள்ள உறைக்கு) அவ்வளவு இடம் நஷ்டம்.

சூடேற்ற மட்டும் என்றால் எதுவும் ஓரளவு ஒப்பேறும். எரியத் தொடங்கியதும் இணைவில் பிறக்கும் ஆல்ஃபா துகள்களே பெரும்பங்கைப் பார்த்துக்கொள்ளும். உண்மையான செலவு, பிளாஸ்மாவைப் பிடித்துவைக்க அதற்குள் ஓட வேண்டிய மின்னோட்டத்தில்தான். உங்கள் உலை விட்டுவிட்டு இயங்குமா, நிற்காமல் இயங்குமா? விட்டுவிட்டு என்றால் மைய சோலினாய்டே (வளையத்தின் நடுவிலுள்ள கம்பிச்சுருளே) பெரும்பாலான மின்னோட்டத்தைத் தந்துவிடும். நிற்காமல் என்றால் பூட்ஸ்ட்ராப் மின்னோட்டம் (பிளாஸ்மாவின் அழுத்த வேறுபாட்டால் தானாகவே உருவாவது) போக மீதியை வெளியிலிருந்து செலுத்தியாக வேண்டும். ஆரம் 6 மீட்டர், அடர்த்தி கனமீட்டருக்கு 10²⁰, மீதி 5 மெகா ஆம்பியர் என்று வையுங்கள். செலுத்துதிறன் எண் (கொடுக்கும் வாட்டுக்கு எவ்வளவு மின்னோட்டம் கிடைக்கும் என்பதன் அளவு) 0.3 என்றால் பிளாஸ்மாவுக்குள் 100 மெகாவாட் போக வேண்டும் (1 × 6 × 5 ÷ 0.3; அடர்த்தி 10²⁰ அலகில்). கருவி வாங்கும் மின்சாரத்தில் 40% மட்டுமே பிளாஸ்மாவுக்குப் போய்ச் சேரும் என்றால் 250 மெகாவாட் மின்சாரம் அதற்கே! பூட்ஸ்ட்ராப் பங்கைக் கூட்டுவதுதான் இதற்கு முதல் மருந்து.

செலுத்துதிறனில் நியூட்ரல் பீம் பொதுவாகக் கைரோட்ரானை முந்தும். ஆனால் 1 மெகா எலக்ட்ரான்வோல்ட் பீமுக்கு எதிர்மின் அயனிகள் தேவை. வாயு அறையில் சுமார் 60% மட்டுமே நடுநிலையாகும். அகலமான நேர்வழியும் வேண்டும், அதே வழியாக நியூட்ரான்கள் கருவிக்குள் திரும்பி வரும். கைரோட்ரானின் மைக்ரோவேவையோ கண்ணாடிகளால் வளைத்துக் கொண்டுபோகலாம், கைரோட்ரான் தொலைவில் இருக்கலாம். சில சென்டிமீட்டர் அகலத்தில் குறிவைத்து டேரிங் மோடுகளையும் (காந்தப்புலத்தைக் கிழித்துப் பிளாஸ்மாவைக் குலைக்கும் நிலையின்மைகளையும்) அடக்கலாம். அதனால் என் ஓட்டு கைரோட்ரானுக்கு. பிரான்சில் கட்டப்படும் பன்னாட்டு டோகமாக்கான ஈட்டரும் 2024 திட்டத்தில் இதன் பங்கைக் கூட்டியிருக்கிறது.

விதிவிலக்கு, மிக வலுவான காந்தப்புலம். கைரோட்ரான் அலை எலக்ட்ரான்களோடு ஒத்ததிர வேண்டும்; ஒரு டெஸ்லாவுக்கு 28 கிகாஹெர்ட்ஸ் என்பதே அதற்கான கணக்கு. ஸ்பார்க் (SPARC) என்ற அமெரிக்க டோகமாக்கின் 12.2 டெஸ்லாவுக்கு 340-ஐத் தொட்டுவிடும்; ஈட்டருக்குச் செய்யப்படுபவை 170 கிகாஹெர்ட்ஸ்தான். ஸ்பார்க் ஐசிஆர்எச்சை எடுத்ததில் வியப்பில்லை. அதன் மின்மூலம் மலிவு, அயனிகளையும் நேரடியாகச் சூடாக்கும். ஆன்டெனா மட்டும் பிளாஸ்மாவுக்கு மிக அருகில் இருக்க வேண்டும். டங்ஸ்டன் சுவர் என்றால் மாசு கலப்பதைக் கவனியுங்கள்.

லோயர் ஹைப்ரிட் (மின்னோட்டம் செலுத்தப் பயன்படும் இன்னொரு வகை அலை) பற்றி நீங்கள் கேட்கவில்லை. 2025-இல் பிரான்சின் வெஸ்ட் (WEST) டோகமாக் 22 நிமிடம் பிளாஸ்மாவைப் பிடித்துவைத்தது அதைக் கொண்டுதான். ஆனால் உலை அளவு வெப்பத்திலும் அடர்த்தியிலும் அந்த அலை விளிம்பிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். விளிம்பில் மின்னோட்டம் தேவைப்பட்டால் மட்டும் யோசியுங்கள்.